தகாவோ மலைக்கு இலையுதிர் காலத்தில் போகிறீர்களா? டார்ச்சை மறக்காதீர்கள்

தோக்கியோவின் சின்ஜுகு நிலையத்திலிருந்து கேயோ ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் தகாவோ மலையடிவாரம் வந்துவிடும். உயரம் 599 மீட்டர்தான். அதனால்தான் பலர் அலட்சியமாகக் கிளம்புகிறார்கள், நானும் அப்படித்தான் போனேன்.

நவம்பர் கடைசியில் மேப்பிள் இலைகள் செக்கச்செவேலென்று இருக்கும். ஆனால் பொழுது மாலை நாலரைக்கே சாய்ந்துவிடும். மரங்கள் அடர்ந்த பாதையில் நாலு மணிக்கே இருட்டு கட்டும். கேபிள் காரில் இறங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால், விடுமுறை நாளில் அதற்கு நிற்கும் வரிசையைப் பார்த்ததும் நடப்பதே மேல் என்று தோன்றும். எனவே உச்சியிலிருந்து இரண்டு மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்குங்கள். தலையில் மாட்டும் டார்ச் ஒன்று பையில் இருக்கட்டும். கைபேசி வெளிச்சத்தை நம்பினால் ஒரு கை அதற்கே போய்விடும்.

ஓடையை ஒட்டிப் போகும் 6-ம் எண் பாதைதான் அழகு. மேலே போகப்போக ஓடைக்குள்ளேயே கல் விட்டுக் கல் மிதித்து ஏற வேண்டும். ஈரக் கல்லின்மேல் நனைந்த சருகு ஒட்டியிருந்தால் வாழைப்பழத் தோல்தான். இதில் ஏறிவிட்டு, பெரும்பகுதி தளம் போட்ட 1-ம் எண் பாதையில் இறங்குங்கள். வழியில் யாகுஓயின் கோயிலையும் பார்த்துவிடலாம்.

அப்புறம், மாற்று பனியன் ஒன்று. வியர்வையோடு உச்சியில் உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் பல் தந்தியடிக்கும். வானம் தெளிவாக இருந்தால் ஃபுஜி மலை தெரியும், கொஞ்ச நேரம் உட்காரத்தான் தோன்றும்.