பெடோமீட்டர் வாங்கியாச்சா? ஸ்டெப் நீளத்த நீங்களே அளந்து போடுங்க

பெடோமீட்டர் தூரத்த அளக்கவே அளக்காது, ஸ்டெப்ப எண்ண மட்டும்தான் செய்யும். நடக்கும்போது ஒடம்பு ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் லேசா ஏறி எறங்குதுல்லா, அந்த ஆட்டத்த வச்சு எண்ணிக்கையக் கூட்டிக்கிட்டே போவும், அப்புறம் உள்ள போட்டு வச்சிருக்க ஸ்டெப் நீளத்தால அதப் பெருக்கி இத்தன கிலோமீட்டர்னு காட்டும். அந்த நீளம் உங்களோடதா இல்லன்னா கிலோமீட்டரும் உங்களோடது இல்ல.

காலைல பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துல நடக்க வாரவங்கள்ல நெறய பேரு இடுப்புல இது இருக்கு, வெளியூர்ல வேல பாக்குத புள்ளைங்க அப்பா அம்மாவுக்குன்னு வாங்கி அனுப்புனதாத்தான் இருக்கும், டப்பாவப் பிரிச்சு மணிய மட்டும் சரி பண்ணி அப்படியே மாட்டிக்கிடுதாங்க. பெரும்பாலான மெஷின்ல 70 செ.மீ.ன்னோ 75ன்னோ ஏற்கனவே ஒரு நம்பர் கெடக்கும். ஒரு ஆச்சியோட நெசமான ஸ்டெப் 58 செ.மீ.தான்னு வச்சுக்கிடுங்க, 10,000 ஸ்டெப் நடந்தா அவங்க போனது 5.8 கி.மீ., மெஷின் 70ல பெருக்கி 7 கி.மீ.ன்னு காட்டும். 1,200 மீட்டர் நடக்காமலே கணக்குல ஏறிருது. டாக்டர் நாளைக்கு இவ்வளவு தூரம் நடங்கன்னு சொல்லி அனுப்பிருந்தா அந்த ஆச்சி தெனமும் கொறையத்தான் நடக்காங்க, அவங்களுக்கே அது தெரியாது. அதனாலதான் அரை மணி நேரம் ஒதுக்கி அளந்துருங்கன்னு இவ்வளவு அழுத்திச் சொல்லுதேன்.

உயரத்த வச்சு ஒரு கணக்கு சொல்லுவாங்க, ஆம்பளைக்கு உயரத்த 0.415ஆலயும் பொம்பளைக்கு 0.413ஆலயும் பெருக்கணும், 165 செ.மீ. உயரம் உள்ள ஆம்பளைக்கு 68.5 வரும். ஃபோன் ஆப் பலதும் உயரத்தக் கேக்கது இதுக்குத்தான். ஆனா இது ரெடிமேட் சட்ட மாதிரி, சில பேருக்குப் பொருந்தும், பல பேருக்குத் தோள்ல நிக்காது. ஒரே உயரத்துல ரெண்டு பேரு இருந்தாலும் முட்டு வலிக்காரர் ஸ்டெப்பும் வயல்ல எறங்கி வேல பாக்குதவர் ஸ்டெப்பும் ஒண்ணாவா இருக்கும்?

வீட்டுலயே அளக்கலாம். மொட்ட மாடியோ நீளமான முடுக்கோ போதும், தச்சு வேலைக்கு வச்சிருக்க 5 மீட்டர் டேப் ஒண்ணு வேணும், டெய்லர் டேப் 150 செ.மீ.தான், மாத்தி மாத்தி வைக்கும்போது தப்பு சேந்துரும். கோலப்பொடியால குறுக்க ஒரு கோடு போடுங்க. கோட்டுல இருந்தே கெளம்பாதீங்க, மொத ரெண்டு மூணு ஸ்டெப் எப்பவும் குட்டையாத்தான் விழும், அதனால அஞ்சாறு ஸ்டெப் பொறத்தால நின்னு சாதாரணமா நடந்து வாங்க. கோட்டுக்கிட்ட எந்தக் கால் விழுதோ அந்தக் குதிகால் விழுந்த எடத்த கூட இருக்கவங்க குறிச்சுக்கிடட்டும். அந்தக் கால் 0. ஒண்ணு இல்ல, 0. நெறய பேரு இங்கதான் கோட்ட விடுதாங்க, நிக்குத கால ஒண்ணுன்னு எண்ணிட்டா கடைசில 19 ஸ்டெப் தூரத்த 20ஆல வகுத்துருவாங்க. அடுத்த கால் விழும்போது 1, இப்படியே 20 வரைக்கும் போயி 20வது குதிகால் விழுந்த எடத்தயும் குறிச்சு, ஆனா அங்கன டக்குன்னு நிக்காம இன்னும் நாலு ஸ்டெப் போயி நில்லுங்க, நிக்கப் போறோம்னு நெனச்சாலே கால் சுருங்கிரும். அவ்வளவு நீளம் எடம் இல்லன்னா 10 ஸ்டெப்போட நிறுத்திக்கிடலாம்.

இப்ப குதிகால்ல இருந்து குதிகாலுக்கு அளங்க. 12 மீட்டர் 90 வந்தா 1290 செ.மீ.ய 20ஆல வகுத்தா 64.5. ஒரு தடவயோட விடாதீங்க, மூணு தடவ நடங்க, 1290, 1310, 1275ன்னு வந்துச்சுன்னா மூணையும் கூட்டி 60ஆல வகுத்தா 64.6, மெஷின் பெரும்பாலும் முழு நம்பர்தான் வாங்கும், 65ன்னு போட்டுருங்க. டேப் இல்லன்னா தரையப் பாருங்க, இப்ப போடுத பெரிய டைல்ஸ் நெறய எடத்துல 60 செ.மீ.க்கு 60 செ.மீ., ஒண்ண மட்டும் ஸ்கேல் வச்சு உறுதிப்படுத்திக்கிட்டு எத்தன டைல் தாண்டுனீங்கன்னு எண்ணுனாப் போதும். கால நனச்சு சிமெண்ட் தரைல ரெண்டு தடம் வச்சு அளக்கவும் செய்வாங்க, எனக்கு அது பிடிக்காது, ஒரே ஒரு ஸ்டெப்ப நம்பி எப்படி ஒரு வருசக் கணக்கப் போட முடியும்?

என்னக் கேட்டா நீளமான தூரம்தான் ஒசத்தி. பாளை அண்ணா ஸ்டேடியம் மாதிரி 400 மீட்டர் ட்ராக் கெடச்சா ரொம்ப வசதி, ஆனா அந்த 400 ஆக உள்ள இருக்க மொத லேனுக்கு மட்டும்தான், 8வது லேன்ல சுத்துனா 450 மீட்டருக்கு மேல போயிரும். ஒரு சுத்து நடந்து எண்ணுங்க. வலது கால் விழும்போது மட்டும் எண்ணி கடைசில ரெண்டால பெருக்கிக்கிட்டா லேசா இருக்கும், 50 எண்ணி முடிச்சதும் ஒரு புளியமுத்த ஒரு கைல இருந்து இன்னொரு கைக்கு மாத்திக்கிடுங்க, நடுவுல யாராவது வணக்கம் அண்ணாச்சின்னு சொன்னாலும் கணக்கு விட்டுப் போவாது. 612 ஸ்டெப் வந்தா 40,000 செ.மீ.ய 612ஆல வகுத்தா 65.4. வீட்டுல அளந்ததுக்கும் இதுக்கும் ஒண்ணு ரெண்டு செ.மீ. வித்தியாசம் வந்தா ட்ராக் நம்பரையே போடுங்க.

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் ட்ராக்குக்கு எங்க போறதுன்னு கேக்கலாம். மெயின் ரோட்டோரம் கிலோமீட்டர் கல்லுக்கு நடுவுல 200 மீட்டருக்கு ஒண்ணா சின்னக் கல்லு நட்டுருப்பாங்க, அத வச்சே அளக்கலாம். ரோட்ட அகலப்படுத்துனப்போ சில கல்லு எடம் மாறிருக்கும், அதனால ஒரு இடைவெளிய மட்டும் நம்பாம மூணு நாலு இடைவெளி சேத்து நடந்து பாருங்க. வண்டி எதுக்க வாரது தெரியுத மாதிரி வலது ஓரமா நடங்க, எண்ணுத கவனத்துல ரோட்டுக்குள்ள எறங்கிராதீங்க.

அளக்கும்போது வெறப்பா, மிலிட்டரிக்காரங்க மாதிரி நடக்காதீங்க. தெனமும் எந்தச் செருப்போ ஷூவோ அதப் போட்டு, எந்த வேகமோ அதுலயே நடங்க. வெரசா நடந்தா ஸ்டெப் நீளும், பைய நடந்தா குறுகும், காலைல வேகமாவும் சாயந்தரம் பேசிக்கிட்டே பையவும் நடக்குதவங்க காலை நம்பரையே போட்டுக்கிடுங்க, தூரம் அதுலதான கூட வருது.

செட்டிங் பெரிய சோலி இல்ல. செட் பட்டன ரெண்டு மூணு செகண்டு அமுக்கிப் பிடிச்சா மணி, எடை, ஸ்டெப் நீளம்னு ஒண்ணொண்ணா மின்னும். யூனிட் கிலோமீட்டரா மைலா, செ.மீ.யா இன்ச்சான்னு மொதல்லயே பாத்துக்கிடுங்க, இன்ச் மட்டும்தான்னா செ.மீ.ய 2.54ஆல வகுங்க, 65க்கு 25.6 வரும். சில மெஷின் ஸ்ட்ரைட்னு கேக்கும், பெரும்பாலும் ஒரு ஸ்டெப்பத்தான் கேக்கு, ஆனா சிலது ஒரே கால் மறுபடி விழுத வரைக்கும் உள்ள ரெண்டு ஸ்டெப் நீளத்தக் கேக்கும். சந்தேகமா இருந்தா ஒரு சுத்து நடந்து பாருங்க, 400 மீட்டருக்கு 200ன்னு காட்டுனா ரெண்டு மடங்கு நம்பரப் போடணும். கலோரிய ரொம்ப நம்பாதீங்க, அது எடைய வச்சுப் போடுத தோராயக் கணக்கு.

மாட்டுத எடம்தான் இன்னொரு முக்கியமான விசயம். உள்ள ஸ்ப்ரிங் இருக்க பழைய மாடல ஆட்டுனா டிக் டிக்குன்னு சத்தம் வரும், அது நேர் செங்குத்தா நிக்கணும், இடுப்புல முட்டுக்கு நேர் மேல பெல்ட்டுல மாட்டணும், தொந்தி தள்ளி மெஷின் சாஞ்சா எண்ணாது, அப்படி இருக்கவங்க பக்கவாட்டுக்கு நகத்திக்கிடுங்க. சத்தம் வராத புது மாடல சட்டப் பையிலயும் போடலாம். சாரத்து (லுங்கி) மடிப்புல சொருகுனா ஆடி ஆடி கீழ விழுந்துரும், சாரத்துக்கு மேல ஒரு பெல்ட்டக் கட்டி அதுல மாட்டுங்க. சேல கட்டுதவங்க உள்பாவாட நாடால மாட்டலாம், நைட்டியோட நடக்குதவங்க கழுத்துல கயிறு போட்டுத் தொங்க விட்டா புது மாடல் ஓரளவு சரியா எண்ணும். கால இழுத்து இழுத்து நடக்குத வயசானவங்களுக்கு ஒடம்பு ஆட்டம் கம்மி, இடுப்புல மாட்டுனா பாதிய முழுங்கிரும், கணுக்கால்ல மாட்டுத மாடல் நல்லது.

மாட்டிட்டு மனசுக்குள்ள 100 எண்ணி நடங்க. 97ல இருந்து 103க்குள்ள காட்டுனா சரி, ரொம்பக் கொறஞ்சா எடத்த மாத்துங்க, இல்ல சென்சிட்டிவிட்டிய, அதான் லேசான ஆட்டத்தயும் எண்ண வைக்குத செட்டிங்க, கூட்டுங்க. பல மாடல் மொத சில ஸ்டெப்ப காட்டாது, நீங்க தொடந்து நடக்கீங்கன்னு தெரிஞ்ச பெறகு மொத்தமா சேத்துக் காட்டும், அது கோளாறு இல்ல. பைக்லயோ டவுன் பஸ்லயோ போகும்போது கழத்திருங்க, வண்டி குலுங்குதத ஸ்டெப்புன்னு எண்ணிரும். பேட்டரி மாத்துனா சில மெஷின்ல எல்லா செட்டிங்கும் அழிஞ்சிரும், உங்க நம்பர ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி பொறத்தால ஒட்டி வைங்க.

10,000 ஸ்டெப் வரலயேன்னு கவலப்படாதீங்க. 1965ல ஜப்பான்ல யமசா கம்பெனி வித்த பெடோமீட்டரோட பரவுன நம்பர் அது. 2019ல அமெரிக்காவுல வயசான பொம்பளைங்க 16,000 பேருக்கு மேல வச்சுப் பாத்த ஆராய்ச்சில, நாளைக்கு சுமாரா 4,400 ஸ்டெப் நடந்தவங்கள்லயே 2,700 நடந்தவங்கள விட இறப்பு கொறைவா இருந்துச்சு, 7,500க்கு மேல போனா பெருசா வித்தியாசம் இல்ல. வேகத்துக்கு நிமிசத்துக்கு 100 ஸ்டெப் நல்ல அளவு, 65 செ.மீ. ஆளுக்கு அது மணிக்கு 3.9 கி.மீ.

வாய்க்கால் கரை, வரப்பு, தேரி மணல்ல எல்லாம் ஸ்டெப் குறுகிரும், தெனமும் அங்கனதான் நடக்கீங்கன்னா அங்கனயே அளந்து அந்த நம்பரப் போடுங்க. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போறவங்களுக்கும் இதே கததான், நெல்லைல இருந்து சுமார் 55 கி.மீ., கால் சோர சோர ஸ்டெப் சுருங்கும், சராசரி 62 செ.மீ.ன்னு வச்சாலே கிட்டத்தட்ட 88,700 ஸ்டெப். 5 இலக்கம் மட்டும் காட்டுத மெஷின் 99,999க்கு மேல போவாது, அதனால கெளம்பும்போது 0 ஆக்கிருங்க. ராத்திரி 12 மணிக்குத் தானா 0 ஆகுத மாடல்னா, வெயிலுக்குப் பயந்து சாயந்தரம் கெளம்புதவங்க மறுநாள் மெமரில முந்துன நாள் கணக்க எடுத்து ரெண்டையும் கூட்டிக்கிடணும்.