நாள்பட்ட கண் உலர்ச்சி: நிபுணரைப் பார்க்கப் போகும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருத்துறைப்பூண்டியிலிருந்தோ மன்னார்குடியிலிருந்தோ விடியற்காலை பஸ் பிடித்து, தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ கண் டாக்டரைப் பார்க்கப் போனால் அன்றைய பொழுது முழுக்க அதற்கே சரியாகிவிடும். டோக்கன், பார்வைப் பரிசோதனை, காத்திருப்பு எல்லாம் தாண்டி நிபுணர் எதிரே உட்காருவது மிஞ்சிப் போனால் பத்து நிமிடம். அந்த நேரத்தில் "ஒரே எரிச்சல் டாக்டர், ரொம்ப நாளா இருக்கு" என்று மட்டும் சொல்லி, இன்னொரு சொட்டு மருந்தோடு திரும்பி வருகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். கண் உலர்ச்சியில் கருவியில் தெரிவதும் நோயாளி படும் வேதனையும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. அதனால் நீங்கள் சொல்லும் விவரத்துக்கு இங்கே எடை அதிகம்.

எப்போது எரிகிறது என்று கவனிக்காமலே போவதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். திருபுவனத்தில் பட்டுத்தறியில் உட்காருகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை கண் சிமிட்டுகிறோம். இழையிலோ கம்ப்யூட்டரிலோ பார்வையைப் பதித்து உட்கார்ந்தால் அது பாதிக்கும் கீழே போய்விடும். சிமிட்டாத கண்ணில் கண்ணீர்ப் படலம் சீக்கிரம் ஆவியாகும். சாயங்காலம் ஆக ஆக உறுத்தல் கூடும். இன்னொருவருக்குக் காலையில் எழுந்ததுமே மணல் விழுந்த மாதிரி இருக்கும், பகலில் கொஞ்சம் தேவலை. அவர் தூக்கத்தில் இமையைச் சரியாக மூடாமல் ஃபேனுக்கு நேர் கீழே படுக்கிறவராக இருக்கலாம். இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டிருக்கலாம். இரண்டு பேரும் "எரிச்சல்" என்றுதான் சொல்வார்கள். வைத்தியம் வேறு வேறு.

ஒரு வாரம் முன்பிருந்தே சின்ன நோட்டில் குறித்து வையுங்கள். காலை, மதியம், ராத்திரி எப்படி இருந்தது, அப்போது என்ன வேலையில் இருந்தீர்கள், எத்தனை தடவை சொட்டு விட்டீர்கள். ஆடிக் காற்றில் வண்டி ஓட்டியது, விறகடுப்புப் புகை, தை மாதம் அறுவடை மெஷின் கிளப்பிய தூசியில் நின்றது எல்லாம் எழுத வேண்டியவையே.

கண்ணில் தண்ணீர் வடிகிறதே, இது எப்படி உலர்ச்சியாகும் என்று நினைத்து அதைச் சொல்லாமல் விடுகிறவர்களும் உண்டு. கண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. அது குறைந்தால் ஈரம் தங்காது, கண் உறுத்தும், அந்த உறுத்தலைத் தணிக்கக் கண் தண்ணீரைக் கொட்டும். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண் கலங்குகிறதா? அதையும் சொல்லுங்கள்.

அப்புறம் மருந்து. "ஏதோ பச்சை மூடி போட்ட சொட்டு" என்றால் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டிலிருக்கும் பாட்டில்களை, தீர்ந்துபோனவை உட்பட, ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கியதை மறைக்கவே கூடாது. சிவப்பை உடனே குறைக்கும் சில சொட்டுகளில் ஸ்டீராய்டு இருக்கும். கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறலாம், புரை வளரலாம். சாதாரண ஈரச் சொட்டிலும்கூட, கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம், ஒரு நாளைக்குப் பல தடவை விடும்போது கண்ணின் மேல்பரப்பையே நோகடிக்கும். நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் விட்டிருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். சொட்டுகளில் கிருமி வளராதபடி தயாரிக்கிறார்கள்; இவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கண்ணுக்கு வந்த இடத்தில் மூட்டு வலியைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். எங்கள் அத்தை ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு வாய் தண்ணீர் குடித்தால்தான் சோறு இறங்கும் என்பார்கள். முறுக்கு, பொரியை எல்லாம் எப்போதோ விட்டாயிற்று. வயசாகிறது, அதான் என்று வீட்டில் எல்லோரும் இருந்துவிட்டோம். கண் டாக்டர்தான் "வாய் உலருதாம்மா? காலையில விரல் மடக்க முடியுதா?" என்று கேட்டு, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தாக்கும் ஷோக்ரன் நோய் என்று தெரிந்தது. 1933-ல் இதை விரிவாக எழுதிய ஹென்ரிக் ஷோக்ரன் என்ற ஸ்வீடன்காரரும் கண் டாக்டர்தான். நடுத்தர வயதுப் பெண்களிடம் இது அதிகம். நம் வீட்டில் வாய் திறந்து சொல்லாமல் இருப்பதும் அவர்கள்தான். கூடப் போகிறவர் நினைவுபடுத்துங்கள். முடக்குவாதம், தைராய்டு, சர்க்கரை, பழைய கண் ஆபரேஷன் இருந்தால் பழைய சீட்டுகளையும் எடுத்துப்போங்கள். தும்மலுக்குப் போடும் செட்ரிசின், தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ தரும் அமிட்ரிப்டிலின், முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாய்ன் போன்ற மாத்திரைகளும் கண்ணை உலர்த்தும். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

பரிசோதனை அன்று காலையில், போகும்போது கண் நன்றாக இருக்கட்டும் என்று சொட்டு விட்டுக்கொண்டு போனால் சோதனை முடிவு மாறிவிடும். இமையோரம் மெல்லிய காகிதக் கீற்றைச் செருகி, 5 நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார்கள். 10-க்கு மேல் போனால் பொதுவாகச் சரி. 5-க்கும் கீழே என்றால் கண்ணீர் மிகவும் குறைவு. கீற்று லேசாக உறுத்தும், வலிக்காது. பல இடங்களில் இரண்டு மணி நேரம் முன்பிருந்தே ஈரச் சொட்டு வேண்டாம் என்பார்கள். போன் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கண் அழுத்தத்துக்கான சொட்டை மட்டும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் எப்போது கழற்ற வேண்டும் என்றும் கேளுங்கள். அன்றைக்கு மை வேண்டாம். கண் உலர்ச்சியைப் பார்க்கும் கருவிழி டாக்டர் எந்தக் கிழமை இருப்பார் என்பதையும் அதே போனில் விசாரித்துவிட்டால் ஒரு பயணம் மிச்சம்.

டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெல் தாளோ சுணையோ கண்ணில் கீறி, வலி கூடி, வெளிச்சம் பார்க்க முடியாமல் போனால், கருவிழியில் வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால், பார்வை திடீரென மங்கினால், "அடுத்த வாரம்தான் அப்பாயின்ட்மென்ட் இருக்கே" என்று காத்திருக்காதீர்கள். பயிர் கீறிய கண்ணில் பூஞ்சைத் தொற்று வரலாம். அதன் மேல் வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு சொட்டை விட்டால் புண் வேகமாகப் பரவும். அன்றைக்கே பக்கத்து ஊர் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டாக்டர் எழுதிக் கொடுத்ததும் எழுந்துவிடாமல், எனக்குக் கண்ணீர் சுரப்பது குறைவா, சீக்கிரம் ஆவியாகிறதா என்று கேளுங்கள். சொட்டு எத்தனை மாதம், வெந்நீர் ஒத்தடம் எத்தனை நிமிடம் என்பதையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். விழியை விரிக்கும் மருந்து விட்டிருந்தால் சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். வண்டியை வீட்டில் விட்டுவிட்டுத் துணையோடு பஸ்ஸில் போய் வாருங்கள்.