சோல்சீக்கில் தேடினால் பாதி முடிவுகள்தான் வருகிறதா? ரூட்டரைத் தொடும் முன் இதைப் பாருங்கள்

சோல்சீக் என்பது அவரவர் கணினியில் உள்ள இசைக் கோப்புகளை நேரடியாகப் பகிர்ந்துகொள்ளும் வலையமைப்பு. அதில் ஒரே தேடலை ஒரே நேரத்தில் நான் புளியரையிலும், நண்பர் ஒருவர் மலைக்கு அந்தப் பக்கம் புனலூரிலும் போட்டுப் பார்த்தோம். தேடியது டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் பழைய நாதசுர இசைத்தட்டுகள். (இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் காப்புரிமை, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அவர் காலமானது 1956-ல். அவர் இருந்தபோது வந்த தட்டுகள் எல்லாம் எப்போதோ பொதுவுடைமை ஆகிவிட்டன.) நண்பருக்குத் திரை நிறைய முடிவுகள் வந்தன. எனக்கு விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படியானால் கோளாறு தேடும் சொல்லில் இல்லை, வீட்டு இணைப்பில்தான்.

ஏன் இப்படி? நீங்கள் தேடும் சொல் சர்வர் வழியாகப் பலரிடம் போய்ச் சேரும். ஆனால் பதில் அந்த வழியில் திரும்புவதில்லை. கோப்பு வைத்திருப்பவரின் கணினி உங்கள் கணினியோடு நேரடியாக இணைந்துதான் பதிலைத் தர வேண்டும். உங்கள் போர்ட் (வெளியிலிருந்து இணைப்பு உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) மூடியிருந்தால், ‘நீங்களே அவரோடு இணையுங்கள்’ என்று சர்வர் மூலம் தகவல் வரும். அவர் போர்ட் திறந்திருந்தால் பிழைத்தோம். அவருடையதும் மூடியிருந்தால் அவரிடம் என்ன இருந்தாலும் உங்கள் திரைக்கு வராது. போர்ட்டைத் திறக்காதவர்கள் ஏராளம், அதனால்தான் இத்தனை இழப்பு.

படி 1: போர்ட் திறந்திருக்கிறதா?

சோல்சீக்குக்கு நான் பயன்படுத்துவது நிக்கோட்டின் பிளஸ் என்ற செயலி. அதிகாரப்பூர்வ செயலியும் வேலை செய்யும்தான், ஆனால் இது திறமூலம், அமைப்புகளும் கண்ணுக்கு நேராக இருக்கும். நெட்வொர்க் பகுதியில் போர்ட் எண் இருக்கும், வழக்கமாக 2234. பக்கத்திலேயே சோதிக்கும் வசதியும் உண்டு. செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் சோதியுங்கள். மூடிவிட்டுச் சோதித்தால் எல்லாம் சரியாக இருந்தாலும் ‘மூடியது’ என்றுதான் காட்டும்.

படி 2: இரண்டு ஐபி எண்களை ஒப்பிடுங்கள்

பெரும்பாலான விளக்கங்கள் இதைத் தாண்டிவிட்டு நேராக போர்ட் பார்வர்டிங்குக்குப் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரூட்டர் உங்கள் கணினிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு) போகின்றன. என் வேலை தடைபட்டு நின்றதோ இங்கேதான்.

பிரவுசரில் ரூட்டர் பக்கத்தைத் திறங்கள் (192.168.1.1 அல்லது 192.168.0.1). ஸ்டேட்டஸ் பகுதியில் ‘வான் ஐபி’ (WAN IP, ரூட்டரின் வெளிப்பக்க முகவரி) என்று ஓர் எண் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஐபி காட்டும் ஏதாவதொரு தளத்தில் வெளியுலகுக்குத் தெரியும் எண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒன்றானால் சரி, படி 3-க்குப் போங்கள்.

வேறாக இருந்தால் வான் ஐபி எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை என்றால் அது சிஜிநாட். ஒரே பொது ஐபியை இணைய நிறுவனம் பல வீடுகளுக்குப் பங்கு வைத்திருக்கிறது என்று பொருள். வீட்டு ரூட்டரில் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் பயனில்லை, ஏனென்றால் மூடிய கதவு நிறுவனத்தின் பக்கம் இருக்கிறது.

192.168 என்று தொடங்கினால், கேபிள்காரர் மாட்டிய ஃபைபர் பெட்டியே ஒரு ரூட்டராக இயங்கி, உங்கள் ரூட்டர் அதற்குப் பின்னால் நிற்கிறது. ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் முறை) மாற்றித் தரச் சொல்லுங்கள், பிறகு மறுபடி ஒப்பிடுங்கள். 10 என்று தொடங்கினால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், இணைய நிறுவனத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்கும்போது ‘நெட் ஸ்லோவா இருக்கு’ என்று தொடங்காதீர்கள், ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ‘எனக்குப் பப்ளிக் ஐபி வேண்டும், ஸ்டேடிக் (மாறாத எண்) என்றாலும் சரி’ என்று நேராகக் கேளுங்கள். ஆரியங்காவுப் பக்கம் இருப்பவர்கள் ‘சேட்டா, பப்ளிக் ஐபி வேணும்’ என்றாலே போதும். தனிக்கட்டணம் இருக்கும். தரவே மாட்டேன் என்றால் போர்ட் பார்வர்டிங் தரும் விபிஎன்தான் வழி. முல்வாட் என்ற விபிஎன் 2023-ல் அந்த வசதியை நிறுத்திவிட்டது. புரோட்டான் விபிஎன்னின் கட்டணத் திட்டத்தில் உண்டு.

படி 3: கணினிக்கு நிலையான உள் முகவரி

சாரல் காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ரூட்டர் அணைந்து எழுந்தால் கணினிக்கு வேறு உள் முகவரி கொடுத்துவிடலாம். பார்வர்டிங் பழைய முகவரியையே பார்த்துக்கொண்டிருக்கும். ரூட்டரின் டிஹெச்சிபி ரிசர்வேஷன் பகுதியில் கணினியின் மேக் முகவரிக்கு (அதன் நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) ஓர் எண்ணை ஒதுக்கிவிடுங்கள்.

படி 4: போர்ட் பார்வர்டிங்

ரூட்டர் பக்கத்தில் இப்படிக் கொடுங்கள்: வெளி போர்ட் 2234, உள் போர்ட் 2234, இணைப்பு வகை டிசிபி, மேலே ஒதுக்கிய முகவரி. சேமியுங்கள். ரூட்டரில் யுபிஎன்பி (செயலிகள் தாமே போர்ட் திறந்துகொள்ளும் வசதி) இருந்தால் செயலி இதைத் தானே செய்துகொள்ளும். எனக்கு அது பிடிக்காது. வீட்டில் மாட்டிய மலிவு கேமராவும் கேட்காமலே வாசல் திறந்துகொள்ளும். கையால் செய்வதே நல்லது.

படி 5: விண்டோஸ் ஃபயர்வால்

செயலியை அனுமதித்திருந்தாலும், வீட்டு வைஃபையை ‘பப்ளிக்’ என்று விண்டோஸ் குறித்து வைத்திருந்தால் தடுத்துவிடக்கூடும். ‘பிரைவேட்’ ஆக்குங்கள். இப்போது படி 1-ன் சோதனையை மறுபடி ஓட்டுங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவற்றில் சில.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் சரிவருமா? அநேகமாக வராது, அங்கேயும் சிஜிநாட்தான். ஐபிவி6 இருக்கிறதே என்றால், சோல்சீக் ஐபிவி4 முகவரியை மட்டுமே கையாள்கிறது.

இமியூல் என்ற இன்னொரு கோப்புப் பகிர்வுச் செயலியிலும் கதை இதேதான், போர்ட் மூடியிருந்தால் ‘லோ ஐடி’ என்று காட்டும். அதன் அமைப்பில் காட்டும் டிசிபி, யுடிபி போர்ட்கள் (வழக்கமாக 4662, 4672) இரண்டையும் திறக்க வேண்டும்.

போர்ட் திறந்தும் ஒரு பெயருக்கு மட்டும் எதுவுமே வரவில்லையா? சில சொற்றொடர்களைத் தேடலிலிருந்து சர்வரே விலக்கி வைத்திருக்கிறது. மேலும், தேடல் பொருந்துவது கோப்பு, கோப்புறைப் பெயர்களோடு மட்டும்தான். ராஜரத்தினத்தை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருப்பார்கள். கலைஞரை விட்டுவிட்டு ராகத்தையும் வாத்தியத்தையும் மட்டும் போட்டுப் பாருங்கள்.