வெளிமாநிலக் குடும்பங்களுக்கு உதவ ஒரு தெருக்குழு: மளிகைப் பைக்கு அப்புறம் என்ன?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளை ஒட்டிய லைன் வீடுகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கக் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. ஆர்டர் நின்றாலோ, சம்பாதிப்பவருக்குக் கையில் அடிபட்டாலோ அடுத்த வாரமே சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். இதற்குத் தெருவில் ஐந்தாறு பேர் சேர்ந்தால் போதும். மளிகைப் பை பதினைந்து நாளில் தீர்ந்துவிடும். அதற்குள் ரேஷன், அங்கன்வாடி, பள்ளி மூன்றிலும் அந்தக் குடும்பத்தைச் சேர்த்துவிட வேண்டும். குழுவின் உண்மையான வேலை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள், கூட ஒரு பெண்ணும் வரட்டும். பேசுவதற்கு அந்த மொழிக்காரர் ஒருவரை அதே காம்பவுண்டில் தேடுங்கள். ஒடிசாப் பெண்கள் பலருக்கு இந்தி வராது. கான்ட்ராக்டரை மட்டும் மொழிபெயர்க்கக் கூப்பிடாதீர்கள். சம்பளப் பாக்கி அவரிடம்தான் இருக்கிறதென்றால், அதை அவர் வாய் வழியாகவே யார் சொல்வார்கள்? எத்தனை பேர், வயது, சொந்த மாவட்டம், ஊரில் ரேஷன் அட்டை உண்டா, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, வாடகைப் பாக்கி, அடுப்பு எது, இவ்வளவும் நோட்டில் வந்தால் போதும். ஆதார் நகல் வாங்கி வைக்காதீர்கள். போட்டோவும் வேண்டாம். பையோடு நிற்க வைத்துப் படம் எடுத்தால் அடுத்த முறை கதவு திறக்காது.

பெரியவர் இருவர், சிறுவர் இருவர் உள்ள பீகார்க் குடும்பத்துக்குப் பதினைந்து நாள் கணக்கு இது: கோதுமை மாவு 10 கிலோ, புழுங்கல் அரிசி 8 கிலோ, மசூர் பருப்பு 2 கிலோ, உருளைக்கிழங்கு 5 கிலோ, வெங்காயம் 2 கிலோ, கடுகு எண்ணெய் 1 லிட்டர், உப்பு, சர்க்கரை தலா 1 கிலோ, மஞ்சள், மிளகாய்த் தூள் தலா 100 கிராம், டீத்தூள் 250 கிராம், துணி சோப்பு, நாப்கின். ஒடிசா, வங்கக் குடும்பம் என்றால் மாவை 3 கிலோவாகக் குறைத்து அரிசியை 15 கிலோவாகக் கூட்டுங்கள். இட்லி அரிசியும் சாம்பார்ப் பொடியும் போட்ட பை பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். அடுப்பைக் கேட்காமல் மாவு கொடுப்பதும் வீண்தான். கேஸ் இல்லையென்றால் 5 கிலோ சிறு சிலிண்டரை அடையாள அட்டை காட்டியே ஏஜென்சியில் வாங்கலாம், முகவரிச் சான்று தேவையில்லை. கடையில் திருட்டுத்தனமாக நிரப்பித் தரும் சிலிண்டரை வாங்கித் தராதீர்கள், ஒற்றை அறை வீட்டில் அது பேராபத்து.

அடுத்தது ரேஷன். ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. ஊரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்ட அட்டை இருந்து, ஆதாரும் அதில் இணைந்திருந்தால், இங்குள்ள கடையில் கைரேகை வைத்தே தானியம் வாங்கலாம். முன்னுரிமை அட்டைக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ, 2023 முதல் இலவசம். பெரும்பாலும் அரிசிதான் வரும். பருப்பு, சர்க்கரை, பாமாயில் தமிழ்நாட்டு அட்டைக்காரர்களுக்கு மட்டும்.

இங்கேதான் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். ஊரில் மாமனார் அந்த மாதப் பங்கு முழுவதையும் வாங்கிவிட்டால் இங்கே இயந்திரம் ‘மீதி இல்லை’ என்றே காட்டும். அதனால் மாதத் தொடக்கத்திலேயே ஊருக்குப் போன் போட்டு, இங்கிருப்பவர்களின் பங்கை விட்டுவிடச் சொல்லுங்கள். சாயப்பட்டறையில் வேலை செய்து கைரேகை தேய்ந்தவருக்கு ரேகை விழாது, அட்டையில் பெயருள்ள வேறொருவரைக் கூட்டிப் போங்கள். மனைவியின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு அட்டையில் இருப்பதும் சகஜம், அந்த அட்டை எண்ணையும் கேளுங்கள். கடைக்காரர் மறுத்தால் 1967-க்குப் புகார் செய்யலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் மூத்த பெண் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்டால், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பார்கள். எனவே முதலில் சின்னவனை அங்கன்வாடியில் சேருங்கள், அக்கா தானாக விடுபடுவாள். பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் இல்லை, வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பினால் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தைச் சொல்லுங்கள்: 6 முதல் 14 வயது வரை அந்தக் காரணங்களால் சேர்க்கையை மறுக்க முடியாது, வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். அரசுத் தொடக்கப் பள்ளியென்றால் காலைச் சிற்றுண்டியும் மதிய உணவும் கிடைக்கும். இதைச் சொன்னால் பெற்றோர் பாதி சம்மதித்துவிடுவார்கள். கர்ப்பிணி இருந்தால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து ஆர்.சி.எச். எண் (கர்ப்பிணிக்குத் தரும் தாய்-சேய் நலப் பதிவு எண்) வாங்குங்கள், பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள்.

சம்பளப் பாக்கியைப் பேசி வாங்க நீங்களே கம்பெனிக்குப் போகாதீர்கள். பீஸ் கணக்கு நோட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு தொழிலாளரோடு தொழிலாளர் துறை உதவி ஆணையரிடம் போங்கள். செங்கல் சூளையில் முன்பணத்தைக் காட்டி வெளியே விடாமல் வைத்திருப்பது தெரிந்தால் அது கொத்தடிமை வழக்கு. சூளைக்குள் நுழையாமல் கோட்டாட்சியருக்கோ ஆட்சியருக்கோ எழுத்தில் தகவல் கொடுங்கள்.

பணத்தை ஒருவரின் சொந்த ஜிபே எண்ணில் வாங்கினால் மூன்றாம் மாதம் சண்டைதான். இருவர் கையெழுத்துள்ள தனிக் கணக்கு, தெரு மளிகைக் கடையில் பில், மாதம் ஒருமுறை கணக்கை எல்லோருக்கும் காட்டுவது, இவை போதும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற சொந்தக்காரர் குழுவுக்கென்று அனுப்பும் பணத்தை எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் வாங்குவது சட்டப்படி குற்றம்.

சத் பூஜைக்கோ ஹோலிக்கோ ஊருக்குப் போகும் குடும்பம் திரும்பாமலும் போகலாம். கிளம்புமுன் தடுப்பூசி அட்டையும் பள்ளி மாற்றுச் சான்றிதழும் கைப்பையில் இருக்கிறதா என்று பாருங்கள். ரயிலில் பெரிய பெட்டி தொலைந்துபோக வாய்ப்பு அதிகம்.