பழைய ராலேயின் கியர் நழுவல்

என்னிடம் வந்த பழைய ராலே சைக்கிளில் ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் ஏ.டபிள்யூ. வகை மூன்று கியர் ஹப் இருந்தது; ஹப் என்றால் பின்சக்கரத்தின் நடுக்குடம், கியர்கள் அதன் உள்ளேயே இருக்கும். அதன்மேல் '58 3' என்ற பொறிப்பு; அதாவது 1958 மார்ச்சில் செய்த ஹப். இதை மட்டும் வைத்து வண்டியின் வயதைச் சொல்லிவிட முடியாது. பின்சக்கரத்தை யாராவது மாற்றியிருக்கலாம்.

தொந்தரவு இதுதான்: மிதித்தால் சில நேரம் பெடல் வெறுமனே சுற்றும். உள்ளே எண்ணெய் பிசினாக இறுகி, பல்லில் மாட்டும் சின்னக் கொக்கிகள் எழும்பவில்லை. ஹப்பைப் பிரிக்காமல், எண்ணெய்த் துளையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுச் சக்கரத்தைச் சுற்றி, படுக்கப்போட்டு வடியவிட்டேன். கன்னங்கரேலென்று வந்தது! அப்புறம் லேசான எஞ்சின் எண்ணெய் ஒரு தேக்கரண்டி. துளையில் கிரீஸைத் திணிக்க வேண்டாம்.

சரி, அப்படியும் இரண்டாம் கியரில் நழுவியது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எந்தக் கியரும் பிடிக்காத ஓர் இடம் இந்த ஹப்பில் உண்டு. லிவரிலிருந்து ஹப்புக்கு வரும் கியர் கேபிள் தளர்ந்தால் அங்கே போய் நிற்கும். லிவரை இரண்டில் வைத்து, வலப்பக்க நட்டின் துளை வழியே பார்த்தேன். கேபிள் இழுக்கும் சின்னச் சங்கிலி மாட்டிய கம்பியின் தோள் (கம்பி தடிக்கும் விளிம்பு), அச்சு நுனிக்கு நேராக இருக்க வேண்டும். உள்வாங்கியிருந்தது. கேபிள் திருகைச் சற்று முறுக்கி, பூட்டு நட்டை இறுக்கினேன். இப்போது மேட்டில் எழுந்து நின்று மிதித்தாலும் நழுவுவதில்லை.