சிவப்புப் பாசியின் ஒட்டுண்ணியைத் தேடிப் பிடித்து, அது உட்கரு அனுப்புவதைப் பார்ப்பது எப்படி?

மாமரத்துப் புல்லுருவி மரத்துக்குள் உறிஞ்சுவேரை மட்டும்தான் இறக்குகிறது. சிவப்புப் பாசிகளின் மேல் வாழும் சில ஒட்டுண்ணிகள், அவையும் சிவப்புப் பாசிகளே, அதோடு நிற்பதில்லை, தங்கள் உட்கருவையே ஓம்புயிரியின் (தாங்கள் ஒட்டி வாழும் உயிரின்) செல்லுக்குள் அனுப்பிவிடுகின்றன. லிண்டா காஃப், அனெட் கோல்மன் என்ற உயிரியலாளர்கள் இருவரும் 1984-ல் இதைக் காட்டினார்கள். அவர்கள் பார்த்த ஒட்டுண்ணியின் பெயர் கோரியோகோலாக்ஸ் பாலிசிஃபோனியே. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, நோவா ஸ்கோஷியா மாதிரி வட அட்லாண்டிக் கரைப்பக்கம் இருப்பவர்கள் இதைத் தாங்களே பார்க்க முடியும்.

கடல் நன்றாக வற்றும் நேரமாகப் பார்த்து, அலை அதிகம் மோதாத பாறைக் கரைக்குப் போங்கள். முதலில் தேட வேண்டியது ஒட்டுண்ணியை அல்ல, முட்டை வடிவக் காற்றுப்பைகளோடு பாறையில் தொங்கும் அஸ்கோஃபில்லம் என்ற பழுப்புப் பாசியை. அதன் மேல் கருஞ்சிவப்பாக, தூரிகை போலக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பதுதான் நம் ஓம்புயிரி, வெர்டிப்ராட்டா லனோசா. பழைய நூல்களில் பாலிசிஃபோனியா லனோசா என்று இருக்கும். கொத்தை விரித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் கிளைகளைப் பாருங்கள். ஓரிரு மில்லிமீட்டரில் வெளிறிய மரு போல உருண்டு நிற்பதுதான் கோரியோகோலாக்ஸ். ஊசியால் தொட்டால் சுண்ணாம்பு போலக் கடினமாக இருக்கிறதா? அப்படியென்றால் அது ஏதோ சிறு புழுவின் கூடு, விட்டுவிடுங்கள். மரு இருக்கும் கொத்தை மட்டும் வெட்டிக் கடல்நீரில் போட்டுக் குளிர்ச்சியாகக் கொண்டுவாருங்கள், பழுப்புப் பாசியைப் பிடுங்க வேண்டாம்.

வீட்டிலோ ஆய்வகத்திலோ, மருவும் கிளையும் சேர்ந்து வரும்படி கேரட் துண்டின் நடுவே வைத்துப் புது பிளேடால் மெல்லியதாகச் சீவுங்கள். முதலில் சாயம் எதுவும் இல்லாமல் கடல்நீரிலேயே பாருங்கள். நிறமுள்ள ஓம்புயிரி செல்களுக்கு இடையே நிறமற்ற ஒட்டுண்ணி இழைகள் நுழைந்து போவது தெரியும். அப்புறம் அமிலம் சேர்த்த அனிலின் நீலம் ஒரு சொட்டு விட்டால், செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள குழி இணைப்புகளின் (அடைப்பு போட்ட சிறு துளைகளின்) அடைப்பு நன்றாக எடுபடும்.

உட்கரு போகும் வழியும் இந்தக் குழி இணைப்புதான். ஒட்டுண்ணியின் செல் சமமில்லாமல் பிரிந்து, ஓர் உட்கருவோடு ஒரு குட்டிச் செல்லை ஓரத்தில் ஒதுக்குகிறது. அந்தக் குட்டிச் செல் பக்கத்தில் இருக்கும் ஓம்புயிரி செல்லோடு கலந்துவிடும்போது, இணைப்பும் உண்டாகிவிடுகிறது, உட்கருவும் உள்ளே போய்விடுகிறது. சிவப்புப் பாசிகள் பலவும் தங்கள் சொந்த செல்களை இணைத்துக்கொள்ளும் முறையே இதுதான், ஒட்டுண்ணி அதை அடுத்தவர் வீட்டில் பயன்படுத்துகிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

சரி, உட்கருவைப் பார்க்க டாபி (DAPI, டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும்) சாயமும் ஒளிர்வு நுண்ணோக்கியும் வேண்டும். மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசெட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் துண்டுகளை ஊறவைத்து, கையுறை போட்டுக்கொண்டு சாயமேற்றி, புற ஊதா ஒளியில் பார்த்தால் உட்கருக்கள் நீலமாக ஒளிரும். ஆல்கஹால் பச்சையத்தைக் கரைத்துவிடும் என்பதால், கணிகங்கள் (பச்சையம் இருக்கும் செல் உறுப்புகள்) சிவப்பாக ஒளிர்வதையும் பார்க்க விரும்பினால் ஊறவைக்காத ஒரு துண்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் அவசரப்படுவது இங்கேதான். முதலில் மருவின் நடுப்பகுதியில் ஒட்டுண்ணியின் உட்கரு என்ன அளவு என்று கண்ணுக்குப் பழக்குங்கள், பிறகு மருவிலிருந்து தள்ளியிருக்கும் ஓம்புயிரி செல்லைப் பாருங்கள், அதன் பிறகே எல்லைக்கு வாருங்கள். எல்லையில் உள்ள ஓம்புயிரி செல்லில், அதன் உட்கருவோடு ஒட்டுண்ணியின் சிறிய உட்கருக்களும் இருந்தால், நீங்கள் தேடி வந்தது அதுதான். அந்தச் செல் வீங்கியிருக்கும், வாக்குவோல் (செல்லின் நடுவே உள்ள நீர்ப்பை) சுருங்கி சைட்டோபிளாசம் கூடியிருக்கும். வந்த உட்கருக்கள் அங்கே பெருகுவதில்லை, ஆனாலும் செல் மாறிவிடுகிறது.

கலிபோர்னியா கரையில் இருப்பவர்கள் கிராசிலேரியோஃபிலா ஒரைசாய்டஸைத் தேடலாம். பெயருக்கு அரிசி போன்றது என்று பொருள். இது வளர்வது கிராசிலேரியாப்சிஸ் பாசியின் மேல், அதாவது ராமநாதபுரம் பக்கத்துக் கஞ்சிப்பாசியின் நெருங்கிய உறவின் மேல். இதன் உட்கருக்கள் ஓம்புயிரி செல்லுக்குள் போய்ப் பெருகவும் செய்கின்றன. கோரியோகோலாக்ஸ் ஒளிச்சேர்க்கை மரபணுக்களை இழந்தும் தன் சொந்தக் கணிகத்தை விடாமல் வைத்திருக்கிறது, இதுவோ ஓம்புயிரியின் கணிகத்தையே எடுத்துக்கொள்கிறது.