கீழ்மலையில் புற்றுக் காளான்: வேர் வரை தோண்டிப் பார்த்துப் பறிக்கும் முறை

கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி பக்கம் சித்திரை, வைகாசியில் இடியோடு கோடை மழை இறங்கினால் காப்பித் தோட்டங்களில் காளான் தேடலாம். ஐப்பசி மழையில் இன்னொரு சுற்று உண்டு. ஒரு நாள் மழை போதாது. நாலைந்து நாள் மண் நன்றாக ஊற வேண்டும், இடையில் கொஞ்சம் வெயிலும் அடிக்க வேண்டும்.

புதிதாகத் தேடுபவர்கள் புற்றுக் காளான் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். மற்றவற்றைத் தொட வேண்டாம். கறையான் தன் உணவுக்காக மண்ணுக்குள் வளர்க்கும் பூஞ்சைதான் மழை ஈரத்தில் மேலே வந்து குடை விரிக்கிறது. மேலே புற்று தெரியாத சமதரையிலும் அடியில் கறையான் கூடு இருக்கலாம். அதனால்தான் இதன் தண்டு தரையோடு முடியாமல், வேர் போல மெலிந்து கூடு வரை இறங்கும். இதுவே முதல் அடையாளம்.

ஒரு இடத்தில் முதல் காளானை வெட்டாதீர்கள். பக்கத்தில் குச்சியால் மண்ணை ஒதுக்கி, ஒரு சாணுக்காவது தோண்டிப் பாருங்கள். நீண்ட வேர் இறங்குகிறதா? குடையின் நடுவில் கூர்மையான முனை இருக்கிறதா? குடையின் அடியில் மெல்லிய தகடுகளாக இருக்கும் செதில்கள் தண்டைத் தொடாமல் நிற்கின்றனவா? மூன்றும் இருந்தால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். தண்டைச் சுற்றியிருக்கும் வளையத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். புற்றுக் காளானிலேயே சில வகைக்கு வளையம் உண்டு.

தண்டின் அடியில் முட்டை ஓடு போலப் பை இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். ஆளைக் கொல்லும் அமானிட்டா வகைகளுக்கு அந்தப் பை இருக்கும். தரையோடு அறுத்தால் பை மண்ணுக்குள் தங்கிவிடும். விபரீதம் அங்கேதான் தொடங்குகிறது. புல்தரையில் வரும் பெரிய வெள்ளைக் குடை ஒன்றில் செதில்கள் முற்றும்போது பச்சையடிக்கும். அதைத் தின்றால் சில மணி நேரத்தில் கடும் வாந்தி, பேதி. மேல்மலைப் பைன் தோப்புகளில் வரும் சிவப்புக் குடையும் நஞ்சுதான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு குடையை வெட்டி, பாதி கறுப்பு, பாதி வெள்ளைக் காகிதத்தில் செதில் கீழே இருக்கும்படி வைத்து டம்ளரால் மூடுங்கள். இரவு முழுக்க இருக்கட்டும். செதில்களிலிருந்து உதிரும் வித்துத் தூள், புற்றுக் காளானில் வெளிர் இளஞ்சிவப்பாக விழும். பச்சையோ தூய வெள்ளையோ விழுந்தால் மொத்தத்தையும் புதைத்துவிடுங்கள். இளஞ்சிவப்பு மட்டும் போதாது. அதே நிறத்தில் தூள் விடும் நச்சுக் காளான்களும் உண்டு, ஆனால் அவற்றுக்கு இந்த வேர் இருக்காது.

வெள்ளிக் காசு கறுக்கிறதா, மஞ்சள் தூளின் நிறம் மாறுகிறதா, புழு தின்றிருக்கிறதா என்ற சோதனைகள் எதையும் நம்பாதீர்கள். அமானிட்டா நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

தோண்டிப் பார்த்து மூன்று அடையாளமும் உறுதியான பிறகு, ஒவ்வொன்றின் அடியிலும் பை இல்லை என்று பார்த்துவிட்டு மற்றவற்றைத் தரை மட்டத்தில் அறுக்கலாம். கூட்டை உடைத்தால் அடுத்த மழைக்கு அங்கே ஒன்றும் வராது. நன்கு விரிந்தவற்றில் சிலவற்றை விட்டுவிடுங்கள். மூங்கில் கூடையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்து அழுகிவிடும். புழு சீக்கிரம் வைக்கும் என்பதால், சோதனைக்கு வைத்த இரவு மட்டும் மீதியைக் காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளே 20 நிமிடம் நன்றாக வேகவிட்டுச் சமைத்துவிடுங்கள். முதல் தடவை இரண்டு துண்டு மட்டும் சாப்பிடுங்கள். சமைக்காத ஒன்றைத் தனியே எடுத்து வையுங்கள்.

சாப்பிட்டு 6 மணி நேரத்துக்கு மேல் கழித்து வாந்தி, பேதி வந்தால் அது ஈரலைத் தாக்கும் நஞ்சாக இருக்கலாம். இடையில் தெளிந்தது போலத் தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து, எடுத்து வைத்த காளானோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

தோட்டத்தில் உரிமையாளரிடம் கேட்டு நுழையுங்கள். காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் அனுமதியின்றிப் பறிக்கக் கூடாது. இங்குள்ள பழங்குடியினரான பளியர்களுக்கு 2006 வன உரிமைச் சட்டப்படி உள்ள சேகரிப்பு உரிமை வெளியாட்களுக்குப் பொருந்தாது. போதைக் காளானைத் தொட வேண்டாம், அதிலுள்ள சைலோசிபின் என்ற பொருள் 1985 போதைப்பொருள் சட்டப்படி தடை செய்யப்பட்டது. நன்றாக விடிந்த பிறகு இரண்டு பேராகப் போங்கள். யானையும் காட்டெருமையும் நடமாடும் இடம். புற்றுப் பொந்தில் கையை விடாதீர்கள், பாம்பு இருக்கும்.